செல்வரட்ணத்தின் முகம்

இயேசு மரி சூசை
குருநகர், ஆவணி 1985

அன்பு மகள் மக்டலீனுக்கு,

அப்பாவும் நானும் எழுதிக்கொள்வது. எங்கள் உடம்புக்குக் குறையில்லை, மற்றதை என்ன சொல்ல. லண்டனில் நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். நாங்கள் கேட்டபடி நீ அனுப்பிய விஞ்ஞானப் பத்திரிகை கிடைத்தது. நீ கீறின முள்ளுப் பேத்தையின் படம் ஒரு பக்கம் நிறைய வந்திருக்கிறது, ஒவ்வொரு உறுப்புக்கும் பக்கத்தில் பெயரும் அச்சடித்திருக்கிறது. வலையில் பட்டால் நாங்கள் தூக்கியெறிகிற நஞ்சு மீனுக்கு வெள்ளைக்காரன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறானே என்று வேறொரு நாளென்றால் அப்பா சிரித்திருப்பார்.

மாசியில் நீ அனுப்பிய பென்சில் படத்தில் பெயர்களே இல்லையே மகள். பெயர்களைப் பத்திரிகைக்காரர் பிறகு போடுவார்கள், முள்ளுகள் சரியா என்று மட்டும் அப்பா பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். அப்பா சொல்லச் சொல்லத் தம்பி செல்வரட்ணம்தான் திருத்தினான். அதை உனக்குத் தபாலில் போடச் சைக்கிளில் போனவனைச் சந்தியில் ஆமி மறித்துச் சோதித்தது. அந்தப் படமோ உருண்டையாக, சுற்றிவர முள்ளோடு, பாதியாக வெட்டி உள்ளே அம்புக்குறியும் இலக்கங்களும். கப்பலை உடைக்கக் கடலில் போடுகிற வெடி என்று நினைத்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். உது பேத்தை மீன், சேர், எங்கடை அக்கா கீறினது என்று அவன் கத்தினதை மீன் விற்கிற றோஸ் மாமி கேட்டிருக்கிறா.

கோயில் சுவாமியார் பத்திரிகையை முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்குள்ள பெரியவன் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது மீன்தான் என்று ஒத்துக்கொண்டானாம். ஆனால் அப்படி ஒரு பொடியனை நாங்கள் பிடிக்கவேயில்லை என்றானாம். அதன் பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. எல்லாம் என்னால் வந்தது என்று நீ எழுதியிருந்தாய். முதலில் எனக்கும் உன்மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன், இப்போது இல்லை. படம் கீறினவளா பிடித்துக்கொண்டு போனாள்? வேலையை விட்டுவிடாதே. ஒரு கந்தோரிலும் வேலைக்குச் சேராமல் படத்துக்குப் படம் உழைக்கிறவள் நீ, ஒருதரம் மறுத்தால் அடுத்ததரம் யார் கூப்பிடுவான்? நேரத்துக்குச் சாப்பிடு.

மற்ற முகாம்களிலும் விசாரிக்க அவனுடைய படம் வேண்டும் என்கிறார் சுவாமியார். அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. வீட்டில் இருப்பது சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கினபோது எடுத்த படம் மட்டும். அதனால் நீதான் அவனைக் கீறி அனுப்பவேண்டும். நீ போகும்போது அவனுக்கு மீசை அரும்பவில்லை. இப்போது அப்பாவின் தாடை, என் மூக்கு, இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு. மற்றதையும் சொல்வோமென்று கண்ணை மூடினால் எனக்குச் சின்னவனாய் இருந்த முகம்தான் வருகிறது. அப்பாவைக் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுகிறார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டா. ஒன்றை மறந்துவிடாதே பிள்ளை, அவனைச் சிரிக்கிற மாதிரிக் கீறாதே. முகாம்களில் அவனைக் கண்டவர்கள் அப்படிக் கண்டிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கிறகோரி இராசாத்தி