வாயில் வராத வார்த்தை

அருப்புக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை மதியம்

என் செல்ல மகள் தீபலட்சுமிக்கு, அம்மா முருகேஸ்வரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

போனில் பேசினால் அழுது கெடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கை ப்ரியா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். அவள் படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், அது வேறு விஷயம்.

விமானம் ஓட்டும் பரீட்சையில் நீ தேறவில்லை என்று அவளிடம் மட்டும் சொன்னாயாம். இரண்டு நாள் நச்சரித்து அவள் வாயைப் பிடுங்கினேன். வானத்தில் போகும்போது வாத்தியார் திடீரென்று வேகத்தைக் குறைத்து, என்ஜின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள் என்றாராம். நீ பதறவில்லையாம். அறுவடை முடிந்த நம் பாலவனத்தம் கரிசல் மாதிரி ஒரு வெட்டவெளியைப் பார்த்து அழகாகத் திருப்பினாயாம். ஆனால் 'என்ஜின் நின்றுவிட்டது, ஆபத்து' என்று ரேடியோவில் சொல்வதுபோலச் சொல்லிக்காட்டு என்றால், 'சின்னப் பிரச்சினை, இறங்கப் பார்க்கிறோம்' என்றாயாம். தரையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயிற்சியிலும் இதே கதைதானாம். பெட்ரோலை அடைத்தாய், சொன்ன நேரத்துக்குள் வெளியே குதித்தாய், 'தீ' என்று மட்டும் கத்தவில்லை. உனக்குப் பயம் என்று வாத்தியார் நினைக்கிறாராம்.

அது பயமில்லை, என் வளர்ப்பு. நம் பலசரக்குக் கடையில் அரிசி தீர்ந்தால் 'நிறைந்திருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கிறேன் என்று நீ சொன்னால் வாயிலேயே போடுவேன். குளிரவைக்கிறேன் என்று திருத்துவேன். கெட்ட வார்த்தை பலித்துவிடும் என்று உன் நாக்கைக் கட்டியவள் நான்தான்.

இனி எழுதப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போன மாதம் கடையில் பருப்பு மூட்டையை இறக்கும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்றார். நானும் ஆட்டோக்காரரிடம் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, லேசான அசதி என்றேன். அவளும் காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்காரச் சொன்னாள். நாற்பது நிமிடம், தீபா. சட்டையெல்லாம் வியர்த்து அவர் என் தோளில் சாய்ந்தபோதும் 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன நர்ஸ் பார்த்துச் சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். வந்தவுடனே நெஞ்சுவலின்னு ஏம்மா சொல்லல என்று டாக்டர் கேட்டார். இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டதாம். இனி அவர் மூட்டை தூக்க முடியாது, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அப்பாவுக்கு ஜலதோஷம், பேச முடியாது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய்.

நீ கிளம்பி வந்துவிடாதே. பிழைத்துவிட்டார். கஞ்சியில் உப்பு இல்லை என்று என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். கடையை உன் சித்தப்பா சங்கர் பார்த்துக்கொள்கிறார்.

நாளை மறுநாள் உனக்கு மறுபரீட்சை. இதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள் ப்ரியா. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என்றைக்காவது நிஜமாகவே என்ஜின் நின்று, காப்பாற்றக் கீழே ஆள் இருந்தும், நீ 'சின்னப் பிரச்சினை' என்று சொல்லிக்கொண்டே இறங்கினால்? அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் வாத்தியார் கேட்கிற அந்த நொடியே சொல். என்ஜின் நின்றுவிட்டது, ஆபத்து, தீ, எதுவானாலும் அதன் பெயரைச் சொல்லிக் கத்து. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. நேற்று சொக்கலிங்கபுரம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன்: என் மகள் சொல்லப்போகிற வார்த்தை பலிப்பதாக இருந்தால், அது என் மேல் பலிக்கட்டும் என்று.

நீ வாய் திறந்து சொல், மகளே.

உன் அம்மா,
முருகேஸ்வரி