குழாய் வாய்க்கு நேரே

பொம்மசந்திரா, பெங்களூரு
5.1.2025

செல்ல மகள் மலருக்கு அப்பா டேவிட் எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகம். உன் நம்பரைப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று கன்னடத்தில் ஒரு அம்மாள் சொல்கிறாள். உன் அம்மா ரஞ்சிதத்தைவிட அவளிடம்தான் அதிகம் பேசுகிறேன் என்று வீட்டில் சண்டை. அதனால்தான் லெட்டர். பத்தாவது ஃபெயில் ஆனவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பாதே.

எங்கள் கம்பெனி ஜீப் வாரம் ஒரு தரம் உன் மலைப் பக்கம் வருகிறது. டிரைவர் பழனிச்சாமி நம்ம ஆள். அவன் கையில் கொடுத்தால் மறுநாளே உனக்கு வந்துவிடும். தபால்காரர் மலையேற ஒரு வாரம் ஆகும்.

ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுக்க அரசாங்கம் கொடுத்த பணத்தில் எங்கள் கம்பெனி உங்கள் ஊரில் ஒரு பெட்டி மாட்டியதே, அதில் லைட் எரியவில்லை என்று நீ பெங்களூருக்குப் புகார் அனுப்பினாயாமே? “யாரோ நர்ஸாம், ரொம்பத் துள்ளுது” என்று கோடௌனில் பேசிக்கொண்டார்கள். என் மகள் என்று தெரியாது. நான் கேபிள் சுருளுக்குப் பின்னால் நின்று, சூடு ஆறாத டீயை ஒரே மடக்கில் விழுங்கினேன். நாக்கு இன்னும் எரிகிறது.

உன் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் பூமியின் அடிவயிறு வரை இறங்கினவர். அவர் பெற்ற நான் மூன்றடிப் பள்ளத்தில் கால் வைக்கவே வேர்த்துப்போவேன். பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், புகாரை வாபஸ் வாங்கிவிடு கண்ணு.

உன் அப்பா,
டேவிட்


துணை சுகாதார நிலையம்,
ஹுணசேகட்டே
9.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பழனிச்சாமி அண்ணன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், வேகமாக எழுதுகிறேன். அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை வந்தது. பாதிதான் வந்தது, மீதி யார் வயிற்றில் என்று தெரியவில்லை.

பெட்டி என் அறைச் சுவரில்தான் இருக்கிறது. பல்லி குடியிருக்கிறது. அரசாங்கக் கணக்கில் எங்கள் ஊருக்கு இன்டர்நெட் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அதனால் வேறு எது கேட்டாலும், “உங்களுக்குத்தான் இருக்கே, சிஸ்டர்” என்கிறார்கள்.

போன மாதம் ருக்மிணிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரை வீடியோவில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய கேஸ். அவள் புருஷன், இங்கே போன் எடுக்கிற ஒரே இடமான சிக்னல் பாறைக்கு ஓடி, மேலே ஏறி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ருக்மிணி பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை. என் கையில்தான் இருந்தது, அப்பா. புகாரை எப்படி வாபஸ் வாங்குவது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன். கேபிளைக் காற்றால் குழாய்க்குள் ஊதி அனுப்புகிற மெஷின் உங்களிடம்தானே இருக்கிறது? எங்கள் ஊருக்கு ஊதினீர்களா, இல்லையா?

மலர்


பொம்மசந்திரா
12.1.2025

மலருக்கு,

இப்படியா கேட்பாய்? படித்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உன் அம்மா, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என் மெஷின் உங்கள் மலைக்கு ஏறவே இல்லை. கேபிளை ஊதும் முன் குழாயில் ஒரு ஸ்பாஞ்ச் பந்தை விடுவோம். அடுத்த முனையில் பந்து வந்து விழுந்தால்தான் குழாய் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். குழாய் வாய்க்கு நேரே யாரும் நிற்கக்கூடாது, அது எங்கள் தொழிலில் முதல் பாடம். முதல் பாடத்திலேயே நான் ஃபெயில். எட்டிப் பார்க்கப்போய்க் கடைவாய்ப் பல் போனது. உன் அம்மா அறைந்ததாகத் தெருவே நினைத்தது, அவளும் மறுக்கவில்லை.

உங்கள் ஊருக்குப் பந்து விட்டால் எங்கே போய் விழும்? பள்ளத்துக்குப் பள்ளம் தலை நீட்டுகிற குழாய்த் துண்டுகள்தான் அங்கே இருப்பதாகப் பையன்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். நடுவில் வெறும் மண்.

இதை யாரிடமும் சொல்லாதே. படித்ததும் அடுப்பில் போடு.

அப்பா


சிவாஜிநகர்
19.1.2025

மலருக்கு,

கோடௌன் எதிரிலேயே தபால் பெட்டி இருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் பார்ப்பான். அதனால் இரண்டு பஸ் மாறி சிவாஜிநகருக்கு வந்து, கறிக்கடைக் கூட்டத்தில் நின்று எழுதுகிறேன். கசாப்புக்காரர் என்னையே பார்க்கிறார். அவரையும் சந்தேகப்படுகிறேன், பாவம்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சஞ்சய் சார் கூப்பிட்டார். உட்கார நாற்காலி போட்டார். இத்தனை வருடத்தில் முதல் நாற்காலி.

“சென்னாகித்தீரா, நல்லா இருக்கீங்களா டேவிட்? டீ குடிங்க. அந்தப் பல்லு கதை சூப்பர். எங்க வீட்லகூடச் சொல்லிச் சிரிச்சோம்.”

அந்தக் கதையை நான் உனக்குத்தான் எழுதினேன், மலர். ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். எதிரி வண்டியிலேயே ரகசியத்தை ஏற்றி அனுப்பிய ஒரே ஆள் உன் அப்பனாகத்தான் இருப்பான்.

“ஒரே பொண்ணா? மலை மேல தனியாவா இருக்கு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

29ஆம் தேதி புதன்கிழமை அதிகாரிகள் அங்கே வருகிறார்கள். குழாய் நன்றாக இருக்கிறது, கேபிளைத் திருடர்கள் உருவிவிட்டார்கள் என்று கம்பெனி சொல்லப்போகிறது. “போன வருஷம் நானே ஊதினேன்னு நீங்க சொல்லிடுங்க. அவ்ளோதான் வேலை” என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிடு. பன்னிரண்டாம் தேதி லெட்டர் வந்ததா?

அப்பா


ஹுணசேகட்டே
24.1.2025

அப்பா,

தபால்காரர் உங்கள் கடைசிக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டாம் தேதி எழுதியது வரவில்லை. பல் கதை என்ன கதை? எனக்குத் தெரிந்தது அம்மா அறைந்த கதைதான்.

நேற்று இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். மருந்து கேட்கவில்லை. “சிஸ்டர், இங்க இருந்து கத்துனா ஊருக்குள்ள கேக்குமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். கதவைத் தாழ் போட்டு, எடை மெஷினை இழுத்து முட்டுக் கொடுத்துப் படுத்தேன். எனக்கும் பயம் உண்டு. உங்கள் ரத்தம்தானே.

ஆனால் வரமாட்டேன். ருக்மிணி தினமும் வாசலில் வந்து உட்காருகிறாள்.

புதன்கிழமை நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை.

மலர்


பொம்மசந்திரா
31.1.2025

என் தாயே,

புதன்கிழமை நீ சுகாதார நிலையத்துப் பள்ளத்தில் இருந்தாய், நான் ஓடைக்கு இந்தப் பக்கம் மெஷினோடு இருந்தேன். ஒருவரையொருவர் பார்த்தோமே தவிர, இங்கே பேசியது உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். “ஆமா மேடம், போன வருஷம் நான்தான் ஊதினேன்.” அந்த அதிகாரி அம்மாள் கேட்டதும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். சஞ்சய் சார் தலையாட்டினார். அந்த அம்மாள், “சரி, குழாய் நல்லா இருக்குன்னா ஒரு பந்து விட்டுக் காட்டு” என்றார். சஞ்சய் சார் என் காதில், “ஓட்டு. வரலேன்னா எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்” என்றார்.

பந்தைப் போட்டு, மெஷினை ஓட விட்டேன். வால்வில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், நீ பள்ளத்தில் மண்டியிட்டுக் குழாய் வாய்க்கு நேரே முகத்தை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பாவி, அந்த லெட்டர் உனக்கு வரவில்லையே, உனக்கு எப்படித் தெரியும்? நானும் உன்னைப் பார்த்துக்கொண்டே வால்வைத் திறக்கப்போனேன்.

அந்த அம்மாள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “அது உன் மகள்தானே? புகார்ல அப்பா பேரு டேவிட்னு இருக்கே” என்றார். ஆமாம் என்றேன். “பய ஆகல்வா நிமகே?” உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டார்.

எனக்குப் பயமே இல்லை, மலர். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மூன்றடிப் பள்ளத்துக்கும் நாற்காலிக்கும் கசாப்புக்காரருக்கும் பயந்தவன், பெற்ற மகளின் முகத்துக்கு நேரே குண்டு விடப்போகிறேன், எனக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை. அந்த அம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

“வராதும்மா,” என்றேன். “அங்க ஒண்ணும் வராது. நடுவுல குழாயே இல்ல.” அழுதேனா என்று கேட்காதே.

அந்த அம்மாள் அங்கேயே தோண்டச் சொன்னதை நீயும் பார்த்திருப்பாய். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கீழே வந்து பஸ் ஏற்றிவிட்டார். உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. உனக்குப் போலீஸ் காவல் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். போட்டார்களா?

வேலை போய்விட்டது, அது கிடக்கட்டும். விட்டு வைத்திருந்த பயம் மொத்தமும் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துகொண்டது. பைக் சத்தம் கேட்டால் உன் அம்மா விளக்கை அணைக்கிறாள். உன் நம்பரைப் போட்டுப் போட்டு, அந்தக் கன்னட அம்மாளும் சலித்துப்போயிருப்பாள்.

தபாலுக்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை தாங்கமாட்டேன். இந்த லெட்டரை, இங்கே வேலைக்கு வந்து இன்று ஊர் திரும்புகிற ருக்மிணி புருஷனின் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன், கைக்கு வந்ததும் சிக்னல் பாறைக்கு ஏறி ஒரு மிஸ்டு கால் கொடு. பகலில் ஏறு. தனியாக ஏறாதே. பேசவேண்டாம், நானும் எடுக்கமாட்டேன். மணி அடித்தால் போதும்.

உன் அப்பா