தாளின் பின்பக்கம் எழுதிய பதில்

அக்கா,

இன்று காலை எர்ணாவூரில் ஒரு வீட்டுக் கதவைத் தள்ளியதும் மணிச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் நைலான் வலைநூலால் சின்னப் பூஜை மணி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். உள்ளே மறதி நோயுள்ள ஒரு பெரியவர். எதற்கு மணி என்று நான் கேட்கவில்லை. கல்மண்டபத்தில் உங்கள் மாடி வீட்டுக் கதவிலும் அப்படி ஒன்று தொங்கியது. படகுக்கு நேரமாகிவிட்டது என்று உங்கள் கணவர் விடிவதற்குள் எழுந்து வெளியே நடந்துவிடுவார். அவர் படகு ஓட்டுவதை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவது என் வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் ‘மிக மோசம்’ முதல் ‘மிக நன்று’ வரை ஐந்து கட்டங்கள். முதல் நாள் நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னீர்கள். தூக்கம்? “நல்லா கீது.” உடம்பு? “அதுக்கின்னா, நல்லா கீது.” பக்கத்தில் அவர் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நானும் நல்ல கட்டங்களாகப் பார்த்து டிக் அடித்தேன். அது பொய் என்று படியிறங்கும்போதே தெரியும். தெரிந்தும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என்னை மாடிப்படிக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினீர்கள்.

“அன்னிக்கி அவரு கேட்டுகினு இருந்தாரு. அவரு எதிர்ல இன்னான்னு சொல்றது?” என்றீர்கள். “போன வாரம் அவர அறைஞ்சிட்டேன் கண்ணு. குளிப்பாட்டறப்போ கைய முறுக்கினாரு. வலி தாங்கல. அறைஞ்சதும் என்னப் பாத்து, ‘அம்மா, அடிக்காதம்மா’ன்னு அழுதாரு. முப்பத்தெட்டு வருசம் என்னோட குடும்பம் பண்ண மனுசன். எழுதிக்கோ.”

“அதுக்குக் கட்டம் இல்லக்கா.”

“அப்ப பின்னால எழுது.”

தாளின் பின்பக்கம் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னீர்கள். படித்தேன். சரியென்று தலையாட்டினீர்கள்.

மார்பில் ஒரு கட்டி இருப்பதையும் அன்றுதான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்றதற்கு, “நான் போயிட்டா இவர யாரு பாத்துக்கிறது?” என்றீர்கள். உங்கள் மகனுக்கு மணலியில் ஷிப்ட் வேலை. தூங்குவதற்குத்தான் வீட்டுக்கு வருவான்.

கேள்வி கேட்கப் போன வீட்டில் வேறு எதிலும் தலையிடக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனாலும் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பிப் போனீர்கள். அவர் என்னைப் படகில் வேலை செய்யும் ஆள் என்று நினைத்து வலையிழுக்கச் சொன்னார். நானும் அவரும் ஒரு போர்வையை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று மணி நேரம் கழித்து வந்தீர்கள். தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“அங்க போவல. காசிமேட்டுல கடலோரமா கல்லு மேல உக்காந்துகினு இருந்தேன். இவ்ளோ நேரம் யாரும் என்ன கூப்புடல கண்ணு.”

எனக்குக் கோபம் வந்தது. இதற்கா நான் லீவு போட்டேன் என்று கேட்டுவிட்டேன். நீங்கள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம், மகனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நானே உங்களை அழைத்துப் போனேன். நோய் எப்போதோ முற்றியிருந்தது. அந்த ஒரு வாரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அன்று கோபத்தில் நான் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் போன அன்று அவரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, “இந்தம்மா யாரு? ரொம்ப களைச்சி கீறாங்க. சத்தம் போடாதீங்க, தூங்கட்டும்” என்றார்.

இப்போது மகன்தான் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறான். அவனிடமும் போய் அதே கேள்விகளைக் கேட்டேன், தனியாக மாடிப்படியில் நிற்க வைத்து. இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் நோயாளியின் எதிரில் தாளை எடுப்பதில்லை.

அந்தப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் எர்ணாவூர் அம்மாவையும் இன்று வெளியே அழைத்துத்தான் பேசினேன். முதலில் “நல்லா கீது” என்றார். நான் எதுவும் எழுதாமல் காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வரும் வியாழக்கிழமை நான் வந்து பெரியவருடன் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கே போவீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்கவில்லை அக்கா.