கடத்துக்கு மாதம் ஒரு மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

என் நாய் கடத்தின் தடுப்பூசி அட்டையைப் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை என்று முத்திரை குத்தியிருக்கிறது. எதை வைத்துச் சொல்கிறார்கள்? குப்பைத்தொட்டியில் மேய்கிற நாய்க்கும் சோபாவில் தூங்குகிற நாய்க்கும் ஒரே கணக்கா? கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவளிடம் முத்திரையைக் காட்டி நம்பச் சொன்னால் எப்படி? வருஷத்துக்கு ஒன்று. போதும்.

குட்டியாக வந்தபோது அதன் வயிறு கடம் மாதிரி உப்பியிருந்தது. அதனால்தான் அந்தப் பெயர். அவ்வளவும் புழு. அது அப்போது. இப்போது இரண்டு வேளையும் தயிர்சாதம் சாப்பிடுகிற மயிலாப்பூர் நாய்.

ஜூன் 5, வியாழன்

தம்பி கிரீஷ் போன் செய்தான். பெருங்குடி ஃப்ளாட்டில் குளியலறை ஒழுகுகிறதாம். அடுத்த மாதம் தரையெல்லாம் பெயர்க்கப் போகிறார்கள். வேலை முடியும்வரை இங்கே வந்து இருக்கலாமா என்றான். இதென்ன கேள்வி என்றேன். அவன் மனைவி ஹம்சா போனை வாங்கினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதேங்கோ. அச்யுத் தவழறான், கையில கெடைச்சதெல்லாம் வாயில. நாய்ப் புழு குழந்தைக்கு வருமாமே? கடத்தை ஏதாவது நாய் ஹாஸ்டல்ல விடுங்கோ. இல்லேன்னா நாங்க வாடகைக்குப் பாத்துக்கறோம்."

"அது தயிர்சாதம் சாப்பிடற நாய், ஹம்சா."

"இருக்கட்டும்க்கா."

ஹாஸ்டலில் கடமா? இடி இடித்தாலே என் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது. ஆனால் அச்யுத் – இந்த வீட்டில் ஒரு குழந்தை தவழ்ந்ததே இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும். பேராசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 6, வெள்ளி

மந்தைவெளியில் டாக்டர் மஹ்விஷிடம் கடத்தின் மலத்தை ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் வந்தால் ஹம்சாவால் பேச முடியாது.

ஜூன் 7, சனி

கொக்கிப்புழு முட்டை. நிறைய.

"என்ன சாப்பிடுது மேடம்?" என்றார் டாக்டர்.

"தயிர்சாதம்."

"இந்தப் புழு கால் தோல் வழியாவே உள்ள போகும். எங்க நடக்குது?"

காலையில் எனக்கு வகுப்பு. கீழ் வீட்டுக் கோமளம் மாமிதான் கூட்டிக்கொண்டு போகிறாள், கோயில் குளத்தைச் சுற்றி என்று சொன்னேன்.

"மணல்?"

குளத்தைச் சுற்றி மணல் ஏது?

ஜூன் 8, ஞாயிறு

மாமிக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். குளத்தின் பக்கமே திரும்பவில்லை. நேராக நொச்சிக்குப்பம் கடற்கரை. கடம் மணலில் புரண்டது, குழி தோண்டியது, பிறகு வாடிக்கைக்காரர் மாதிரி ஒரு மீன்கடை முன்னால் போய் உட்கார்ந்தது. மாமி முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்து சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கடம், லேட்டு? உன் பங்க எட்த்து வச்சிக்கினு எம்மா நேரம் குந்திக்கினு கீறேன்!" மீன்காரம்மா தேவானை தலையும் குடலுமாக வீசினாள்.

"மாமி!"

மாமி துள்ளிவிட்டாள். "நான் ஒண்ணும் பாக்கலேடி சந்திரிகா. அது என்ன சாப்பிடறதுன்னே எனக்குத் தெரியாது."

"எத்தனை நாளா தெரியாது?"

"ரெண்டு வருஷமா."

சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன்?

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு மாத்திரை, இரண்டு வாரத்தில் இன்னொன்று, பிறகு மறுபரிசோதனை. மணலும் குழந்தையும் இருக்கும்வரை மாதம் ஒன்று. மலத்தை உடனே அள்ளிவிட வேண்டும். முட்டை பொரிந்து, புழு தோலுக்குள் புகும் பக்குவத்துக்கு வரச் சில நாளாகும்; அதற்குள் அள்ளினால் பயமில்லை. மீன் குடல் கூடாது. "எல்லா நாய்க்கும் ஒரே கணக்கு இல்ல மேடம்" என்றார் டாக்டர். நான் சொன்னதும் அதுதானே! என்ன, என் நாயைத் தவறான பக்கத்தில் வைத்திருந்தேன்.

தயிர்சாத உருண்டைக்குள் மாத்திரையை வைத்தேன். சாதம் உள்ளே போயிற்று. மாத்திரை தட்டில், துடைத்து வைத்தாற்போல. மறுபடியும் அதே. மாமி கிசுகிசுத்தாள்: "மீனுக்குள்ள வெச்சா சாப்பிடும்..."

இந்த வீட்டு வாசலை மீன் தாண்டியதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கடற்கரையிலேயே வைத்துக்கொண்டோம். தேவானை ஒரு மத்தியைக் கீறி மாத்திரையைச் சொருகினாள். ஒரே விழுங்கு. "எங்கூட்டுப் புள்ளைங்கோ கூட மாத்திரைய இப்டி துன்னாது மாமி!" மாமி கடலைப் பார்த்தாள். நான் கடத்தைப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

மறைத்துவிடலாமா என்று காலை முழுக்க யோசனை. முடியவில்லை. ரிப்போர்ட்டை ஹம்சாவுக்கு அப்படியே அனுப்பினேன். மணல், மீன் குடல், மாமி – எல்லாம் எழுதினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை. போச்சு. எல்லாம் போச்சு. யாரு எழுதச் சொன்னா?

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது மத்தி.

ஜூலை 8, செவ்வாய்

மறுபரிசோதனை: ஒரு முட்டைகூட இல்லை. அதையும் ஹம்சாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"தயிர்சாத நாய்னே சாதிச்சிருந்தேள்னா வந்திருக்க மாட்டேன்க்கா. புழு இருந்துதுன்னு நீங்களே சொன்னேள். இனிமே இருந்தாலும் சொல்லுவேள், இல்லையா? ஞாயித்துக்கிழமை வரோம். கடம் அங்கேயே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு – மாமி நெஜமாவே ரெண்டு வருஷமா பாக்கலையா?"

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டார்கள். அச்யுத் நேராகப் போய்க் கடத்தின் காதைப் பிடித்து இழுத்தான். கடம் என்னைப் பார்த்தது. ஹம்சா என்னைப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த மாத மாத்திரைக்கு ஹம்சாவே கடற்கரைக்குப் போய் வந்தாள். வந்ததும் போனில் யாரோ தோழியை அதட்டிக்கொண்டிருந்தாள்: "உன் நாய் எங்கெங்க போறதுன்னு மொதல்ல பாருடி!"

பெருங்குடி வீடு தயார். பெயிண்ட் வாசனை போகட்டும் என்கிறாள் ஹம்சா. அது போய் ரொம்ப நாளாகிறது என்று கிரீஷ் சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னான்.

பெயிண்ட் வாசனை அவ்வளவு சுலபத்தில் போகாது என்றேன்.