ரேழி வரைக்கும்

உன் டம்ளர் இதோ என் மேஜைமேல் இருக்கிறது. விளிம்பில் நெளிசல் விழுந்த சின்ன எவர்சில்வர் டம்ளர். போன வாரம் ரேழி அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவியபோது அகப்பட்டது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே, எங்கள் கோட்டைக்குள் தெரு வீடுகளில் இருக்கும் அந்த இருட்டு நடையை நீ நன்றாக அறிவாய். அங்கே உட்கார்ந்து நீ எத்தனை காபி குடித்திருப்பாய் என்று சொல்லி முடியாது.

நான் தேடியது டம்ளரை இல்லை. உன்னைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த துணுக்குகளைத் தேடினேன். நம் ஆபீஸ் விளையாட்டு கிளப்பில் உன் படத்தைத் திறந்துவைக்கப் போவதாகச் சொன்னார்கள். நீ போய் மூன்று மாதம் கழித்துத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. உன் சாதனைகளை ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி செக்ரட்டரி என்னைக் கேட்டார். கூட ஆடியவள், பக்கத்து மேஜைக்காரி, போதாததற்கு இந்த மலையாள ஊரில் இரண்டு பேரும் தமிழ். வேறு யாரைக் கேட்பார்?

துணுக்குகள் எங்கே இருந்தன தெரியுமா? உள்ளே, பூஜை அலமாரியில், அம்மாவின் பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில். ஒரு நோட்டில் கோந்து தடவி வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறாள். உன்னை ஒருநாளும் உள்ளே விடாத என் அம்மா உன் படங்களை அங்கே வைத்திருந்தாள். அவள் இருந்தவரை எனக்கே இது தெரியாது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். உன்னை நினைத்தா, அவளை நினைத்தா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிறகு எழுத உட்கார்ந்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். படிக்க வந்த கான்வென்ட் ஹாஸ்டலில் முதன்முதலாகப் பந்தைத் தொட்டவள். விளையாட்டுக் கோட்டாவில் நம் ஆபீஸில் கிளார்க். எட்டு வருஷம் மாநில அணி, அதில் நாலு வருஷம் கேப்டன். ஆபீஸ் அணிகளுக்கான கோப்பையை மூன்று தடவை தொடர்ந்து வாங்கித் தந்தவள். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, இனி இவள் அவ்வளவுதான் என்று எல்லோரும் கைகழுவிய பிறகு திரும்பி வந்து, மறுபடியும் கோப்பையைத் தூக்கியவள்.

'கொழுந்துக் கூடையிலிருந்து கூடைப்பந்துக்கு' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை போட்ட தலைப்பும் அந்த நோட்டில் இருந்தது. உன் அப்பா தேயிலை ஃபாக்டரியில் பாய்லர்காரர். நீ ஜென்மத்தில் கொழுந்து கிள்ளியவள் இல்லை. அதைப் படித்துவிட்டு, "அந்தாளு கனவுல போயி கிள்ளிருப்பேன்" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த ஃபைனல். அதற்குமேல் எழுத ஓடவில்லை.

அந்த ஃபைனலில் தோற்றதற்குக் காரணம் நம்முடைய பாஷை. நம் அணியில் மற்றவர்களெல்லாம் மலையாளிகள். நமக்கு மட்டும் புரிகிற மாதிரி களத்துக்குள் பேச ஒரு வழி வேண்டும் என்று நீதான் ஆரம்பித்தாய். வெறும் தமிழ் பேசினால் பயனில்லை, சினிமா பார்த்துப் பார்த்து இந்த ஊரில் எல்லோருக்கும் தமிழ் புரியும். அதனால் என் வீட்டையே களத்தில் வரைந்துகொண்டோம். நடுக்கோட்டுக்கு வாசல் என்று பெயர். ஃப்ரீ த்ரோ கோடு ரேழி. கூடைக்கு நேர் கீழே அடுக்களை. பின்கோட்டின் வலது மூலை கொல்லை. கோட்டயத்துப் பெண்களும் திருச்சூர்ப் பெண்களும் ஒன்றும் விளங்காமல் விழித்தார்கள். நான் "அடுக்களை" என்று வாயெடுப்பதற்குள் நீ அங்கே இருப்பாய்.

களத்தில் ஒரு ஆட்டத்துக்கு இருபது தடவை என் வீட்டு அடுக்களைக்குள் ஓடியவள், ப்ராக்டிஸ் முடிந்து என்னோடு வீட்டுக்கு வந்தால் ரேழியில் உட்காருவாய். முதல்நாளே அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, "அவளை ரேழியிலேயே இருக்கச் சொல்லு, கேட்டியா" என்றாள். நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை, நீயே உட்கார்ந்துவிட்டாய். காபி இந்த டம்ளரில் வரும். குடித்ததும் முற்றத்துக் குழாயில் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டுப் போவாய். நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஃபைனல் தமிழ்நாட்டில் நடந்தது, எதிரே நின்றதும் அந்த ஊர் அணிதான். இந்திய அணிக்கான முகாமுக்கு ஆள் எடுப்பவர்கள் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறக்குறைய இருந்தது, அது உனக்கும் தெரியும். களத்தில் இறங்கும்போது, "இன்னைக்கு வீட்டுப் பேச்சு வேண்டாம், கேட்டியா. அவங்க தமிழ்க்காரங்க" என்று நினைவுபடுத்தினாய். நானும் தலையாட்டினேன்.

கடைசிச் சில விநாடிகளில் நாம் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து உன் கையில். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு பேர் உன்னை நெருக்குவதைப் பார்த்து எனக்குப் பதற்றமாகிவிட்டது. வலது மூலைக்கு ஓடிக்கொண்டே "கொல்லை" என்று கத்தினேன். வாய் தானாகக் கத்திவிட்டது. உன் கையும் தானாகவே எறிந்துவிட்டது. நான் போய்ச் சேருவதற்கு முன்பே அவர்களுடைய ஐந்தாம் நம்பர்க்காரி அங்கே நின்றிருந்தாள். பந்தைப் பறித்துக்கொண்டு முழு நீளத்துக்கும் ஓடிக் கூடையில் போட்டாள். விசில் ஊதிவிட்டது.

டிரெஸ்ஸிங் ரூமில் கோச் கொதித்துக்கொண்டிருந்தார். நீ நிமிர்ந்து, "என்டெ தெற்றாணு சாரே" என்றாய். தப்பு தன்னுடையது என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டாய். நான் அப்போது டெம்பரவரி. அணியில் நிலைத்தால்தான் வேலை நிரந்தரமாகும், அதுவும் அந்த சீசன் முடிந்துதான் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதை யோசித்துத்தான் நீ பேசினாய். நானும் அதை யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் தடுமாறிய நட்சத்திரம் என்று மறுநாள் எழுதினார்கள். முகாம் பட்டியல் வந்தபோது அதில் உன் பெயர் இல்லை.

திரும்பி வரும் பஸ் நாகர்கோவிலைத் தாண்டியது. பிறகு நீ ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். "அந்த அஞ்சாம் நம்பரு புள்ளயும் ஒங்க வீடு மாதிரி வீட்டுலதான் பொறந்துருக்கும். அதுக்குக் கொல்லை வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ரேழிக்கு அங்கிட்டு எல்லாம் கேள்வி ஞானம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ திட்டவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த சீசனிலிருந்து வாசலும் அடுக்களையும் போய், எல்லா இடத்துக்கும் எண்களை வைத்துவிட்டாய். கேப்டன் நீதானே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை, ஆனால் ரேழிக்கும் வரவில்லை. வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவாய். அம்மா ஒருதடவை, "அந்தப் பொண்ணு இப்போ காபிக்கு நிக்கறதே இல்லையே" என்று ஆச்சரியப்பட்டாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் உன் கட்டிலருகே உட்கார்ந்து, எப்படியாவது சொல்லிவிடுவது என்று மூன்று நாள் வந்தேன். மூன்றாம் நாள், "அந்த ஃபைனல்" என்று தொடங்கினேன். நீ கண்ணை மூடிக்கொண்டே, "அத விடு. அந்த வருஷ கோப்பைக்கு வெள்ளிப் பூச்சுகூடக் கிடையாது" என்றாய். நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன்.

அதனால்தான் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி சேர்த்தேன். நேற்று கூட்டத்தில் எல்லாவற்றையும் மலையாளத்தில் வாசித்தேன். கோப்பைகளுக்குக் கைதட்டினார்கள். கடைசியில், அந்த ஃபைனலில் இடம் சொல்லிக் கத்தியது நான், தப்பு என்னுடையது, என் வேலைக்காக அவள் அதைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள் என்று வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. வயதான கோச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் படத்தின் பக்கம் நான் திரும்பவில்லை.

போனக்காட்டிலிருந்து உன் தங்கை வந்திருந்தாள். அந்தத் துணுக்கு நோட்டை அவளுக்குக் கொடுக்க நினைத்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், ரேழியில் சுவரோரமாக, நீ உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுக்களைக்கு வா, பேசிக்கொண்டே காபி போடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நெளிந்தாள்.

"இருக்கட்டும்க்கா. ஒங்க வீட்டுல இது வரைக்குந்தான்னு அக்கா சொல்லிருக்கா."

அவள் குரலில் கோபமே இல்லை. பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, இப்போது இது என் வீடு, உள்ளே வா என்று இன்னொரு தடவை கெஞ்சினேன். சிரித்தாள், எழுந்திருக்கவில்லை. நல்ல டம்ளரில் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். உன் டம்ளரில் எனக்கு ஊற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் குடித்து முடித்ததும் டம்ளரைக் கழுவ எழுந்தாள். அதை மட்டும் நான் விடவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஊருக்குப் போகும் விதுரா பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

பந்து விஷயத்தைச் சபையில் சொல்லி இறக்கிவைத்துவிட்டேன். இந்த ரேழி விஷயத்தை எங்கே போய்ச் சொல்வது? அங்கே மூடியிருக்க வேண்டிய வாயைத் திறந்தேன், இங்கே திறக்க வேண்டிய வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின்மேல் பழியைப் போட்டுவிடலாம், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

இன்று காலையும் உன் டம்ளரில்தான் காபி குடித்தேன். இனி எப்போதும் அதில்தான். அந்த நெளிசல் உதட்டில் குத்துகிறது. இத்தனை வருஷத்தில் நீ ஒருதடவைகூட அதைச் சொன்னதில்லை.