குச்சி ரொட்டியும் பொன்னுத்தாய் மதினியும்

என் ஆசை மதினி பொன்னுத்தாய்க்கு,

சுடலி எழுதுகிறேன். உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற கடுதாசியை எல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். இப்போது நீங்க இருக்கிற இடத்தில் யார் வாசித்துக் காட்டுவார்களோ?

நம்ம தெரு வாசகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்திருக்கிறார்கள். "பார்ட்டிக்குச் செய்வீங்களே அக்கா, அந்த இத்தாலிக்காரங்க குச்சி, அதை எப்படிச் செய்யிறதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சரியென்று உட்கார்ந்தேன். 'நேற்றைய ரொட்டியைச் சதுரமாக வெட்டிக்கொள்ளவும்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ரொட்டி வெட்டுகிற கை உங்க கையாகவே தெரிகிறது. அதனால் அவர்களுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். அவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

அண்ணனுக்குத் தோல் பதனிடுகிற கம்பெனியில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு விரலெல்லாம் புண்ணாகி, பாதி நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த காலம். "நான் போறேன் வேலைக்கு" என்று நீங்கதான் கிளம்பினீங்க. செம்பூரில் ஏதோ தொழிற்சாலை கட்ட வந்திருந்த இத்தாலி இன்ஜினியர் வீடு. அந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது, உங்களுக்கு அவங்க பாஷை தெரியாது. கையைக் காட்டியும் மூஞ்சியைக் காட்டியுமே இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசினீங்க. முதல் நாள் சாயங்காலம் தாராவிக்குத் திரும்பி வந்து நீங்க சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை.

"ஏட்டி சுடலி, அந்த அம்மா ஒரு இலையைத் தொட்டியில வச்சுப் பிள்ளை மாதிரி வளக்கா. மோந்து பாத்தா, நம்ம திருநீத்துப்பச்சைட்டி!"

அந்த இலைதான் குச்சிக்கு உயிர். செய்கிறது ஒன்றும் கஷ்டமில்லை. மூங்கில் குச்சியை முன்னாலேயே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் தீயில் கருகிப்போகும். ரொட்டித் துண்டு, சீஸ் துண்டு, சின்னத் தக்காளி, நடுவில் ஒரு இலை, மறுபடியும் ரொட்டி. ரொட்டிதான் இரண்டு ஓரத்திலும் இருக்க வேண்டும். சீஸ் உருகினால் அது தாங்கிக்கொள்ளும். பூண்டு நசுக்கிப் போட்ட ஆலிவ் எண்ணெயைத் தடவி, தணல் அடுப்பில் திருப்பித் திருப்பி வாட்டினால் முடிந்தது. ஆலிவ் எண்ணெய் அப்போது மருந்துக்கடையில்தான் கிடைக்கும். கடைக்காரர் "குழந்தைக்குத் தடவவா?" என்று கேட்க, நீங்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவீங்க.

இத்தாலிக்காரர்கள் ஊருக்குப் போகும்போது அந்த இலைத் தொட்டியை உங்க கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு விருந்தில் தின்றவர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். சீஸ் விலை கட்டுப்படியாகாத வீட்டுக்கு, செம்பூர் பஞ்சாபிக்காரர் பால்கடையிலிருந்து பன்னீர் வாங்கி, உப்புத் தடவி, கல்லை வைத்து அமுக்கிக் கெட்டியாக்கினீங்க. உதவிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீங்க. கட்டியவன் விட்டுவிட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தவளைக் கூட்டிக்கொண்டு போய், நாலு பேர் வீட்டில் நிமிர்ந்து நிற்க வைத்தது நீங்கதான். அதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மாட்டுங்கா வீட்டில் கூப்பிட்டபோது உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். "நம்ம பாஷை பேசுத வீடு. கையைக் காலைக் காட்டிப் பேச வேண்டாம்." பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவர். மூன்றாவது மாடி. உத்தியோக உயர்வுக்காக விருந்து.

நாம் தணல் அடுப்பைச் சுமந்துகொண்டு போனோம். எஜமானியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "கரிப்புகை சுவரெல்லாம் படியும். எங்க பம்ப் ஸ்டவ் இருக்கு, பின்பக்கத்து பால்கனியில வச்சுப் பண்ணு." நீங்க அந்த ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னீங்க. "அம்மா, பம்ப் அடிச்சா பக்கத்துல மண்ணெண்ணெய் கசியுது. இது வேண்டாம்மா." அவள் கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள். "இத்தனை நாளா அதுலதான் வெந்நீர் போடறோம். ஒண்ணும் ஆகாது. ஆளுங்க வந்தாச்சு, சீக்கிரம் ஆகட்டும்" என்றாள்.

முதல் தட்டு போனது. இரண்டாவது தட்டும் போனது. மூன்றாவதுக்கு நான் உள்ளே இலை கிள்ளிக்கொண்டிருந்தேன். டப்பென்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் உங்க சேலையில் தீ. குச்சி ஊறப்போட்ட அண்டாவைத் தூக்கி அப்படியே உங்க மேல் கவிழ்த்தேன். கோணிச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். தீ அணைந்துவிட்டது. ஆனால் மதினி, அதற்குள்ளேயே...

எஜமானியம்மா ஓடி வந்தாள். வந்தவள் முதலில் செய்த காரியம் ஹாலுக்குப் போகிற கதவைச் சாத்தியது. ஹாலில் ரிக்கார்டு பாடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தர் கதவை லேசாகத் திறந்து, "அந்தக் குச்சி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று காலித் தட்டை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, "இதோ வருது" என்று சொல்லி மறுபடியும் சாத்தினாள்.

"அம்மா, வண்டி கூப்பிடுங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று நான் கத்தினேன்.

"கத்தாதே. கூப்பிடறேன். கொஞ்சம் பொறு."

எதற்குப் பொறுக்கச் சொன்னாள் என்று பிறகுதான் தெரிந்தது. பம்பாயில் அப்போது மதுவிலக்கு. அந்த வீட்டில் பெர்மிட் இல்லாத சாராயப் பாட்டில்கள் இருந்தன. தீப்பட்ட ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் எல்லாரும் உள்ளே போக வேண்டியதுதான். அந்த வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறை வழியாகக் குளியலறைக்குப் போனார்கள், ஊற்றினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் போனார்கள். நீங்க தரையில் கிடந்தீங்க. உங்க காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். "தண்ணி" என்றீங்க. உங்களைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து ஓடவும் எனக்குப் பயம், உட்கார்ந்திருக்கவும் பயம்.

கடைசியில் நானேதான் படியிறங்கி ஓடினேன். கீழே இருந்த வடக்கத்தி வாட்ச்மேன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்ஸியை மறித்து நிறுத்தினார், மேலே வந்து போர்வையில் உங்களைத் தூக்கினார், என்னோடு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தார். அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். நம்மைப் போன்றவர்கள் தோளில் அவரைப் போன்றவர்கள் கை போட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நடந்தது நடந்துபோச்சு. உங்க வீட்டுல சமைக்கும்போது நடந்ததுன்னு சொல்லிட்டா யாருக்கும் தொந்தரவு இல்லை. உனக்கு எங்க ஆபீஸ்ல பியூன் வேலை. குழந்தையை நல்ல ஸ்கூல்ல சேர்க்கிறேன். யோசிச்சுக்கோ."

அண்ணன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் வந்தான். "சுடலி, அவ தமிழ்ல சொல்லுததை நீதானே போலீஸ்காரனுக்கு இந்தியில சொல்லப் போற? வீட்டுலன்னு சொல்லிரு. டாக்டர் கையை விரிச்சிட்டாரு. அவ போனபொறவு சின்னப்பிள்ளை கனியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றான்.

நான் உள்ளே வந்து உங்க காதோடு குனிந்து அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். கட்டுக்கு நடுவில் உங்க கண் மட்டும்தான் தெரிந்தது.

"கூறுகெட்ட மனுசன்" என்றீங்க. குரல் காற்றாக வந்தது. "வீட்டுலன்னு எழுதுனா, வீட்டுல ஆரு இருந்தான்னு கேப்பாவ. உங்க அண்ணன்தான இருப்பாவ? பொண்டாட்டியைக் கொளுத்திட்டான்னு அவுகளைப் பிடிச்சிட்டுப் போயிருவாவ. கனிக்கு அப்பனும் இல்லாமப் போயிரும். நடந்ததை நடந்தபடி சொல்லுட்டி."

மூச்சு வாங்கிக்கொண்டு, "இதை இப்ப அவுக கிட்டச் சொல்லாத. பயந்துபோவாவ" என்றீங்க.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்கே நடந்தது என்று கேட்டார். நீங்க மாட்டுங்கா வீட்டைச் சொன்னீங்க. நான் இந்தியில் சொன்னேன். வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஸ்டவ் யாருடையது? அவங்களுது. கசிகிறது என்று முன்னாலேயே சொன்னாயா? சொன்னேன். ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தார்கள்?

"பாட்டிலை எல்லாம் கொட்டி முடிக்கணும்லா" என்றீங்க.

அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன பாட்டில்?" என்று நிமிர்ந்தார்.

உங்க கட்டைவிரலில் மை தடவி ஒற்றி எடுத்தார்கள். அந்த ஒரு விரல்தான் வேகாமல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் நீங்க போயிட்டீங்க.

நியாயம் கிடைத்ததா என்று கேட்பீங்க. இல்லை மதினி. யார் மேலும் குற்றமில்லை, தற்செயலாக நடந்தது என்று முடித்துவிட்டார்கள். பாட்டில் விஷயத்துக்கு அபராதம் கட்டினாராம். பிறகு டில்லிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்கள். அண்ணனை மட்டும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆனால் அண்ணன் என்னை மன்னிக்கவில்லை. "என் வீட்டைக் கெடுத்தது உன் நாக்கு" என்று ஒரு தடவை சொன்னான். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நான் வைத்த சோற்றைத் தின்பான், சட்டையைத் தோய்த்துப் போட்டால் உடுத்துவான், முகம் பார்க்க மாட்டான். அந்த நாளைப் பற்றி நான் வாயெடுத்தால் எழுந்து போய்விடுவான். கனி கேட்டால், "உங்கம்மா கவனமில்லாம இருந்துட்டா" என்பான். ஒரே அறையில் இப்படியே வருஷங்கள் போயின. கனிக்கு அப்போது பால்பல் விழவில்லை. இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

ரொம்ப நாள் ரொட்டியைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. வயிறு விடுமா? மறுபடியும் விருந்துகளுக்குப் போகிறேன். என் தணல் அடுப்பு இல்லாமல் எந்த வீட்டுப் படியும் ஏறுவதில்லை. புகை என்று முகம் சுளித்தால், "வேற ஆளைப் பாருங்கம்மா" என்று திரும்பி வந்துவிடுகிறேன்.

போன மாதம் பக்கத்துச் சந்தில் ஒரு பொண்ணு ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். கொஞ்ச நாள் முன்னால் கல்யாணமாகி வந்தவள். அவள் புருஷன் செய்தானா செய்யவில்லையா, எனக்குத் தெரியாது. போலீஸ் அவன் சட்டையைப் பிடித்து, தெரு முழுக்கப் பார்க்க இழுத்துக்கொண்டு போனது. வேலை விட்டு வந்த அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு சந்து முனையில் நின்றிருக்கிறான். வீட்டுக்கு வந்தவன் கை கால் கழுவவில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"சுடலி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவ உன் கிட்ட என்ன சொன்னா?"

நீங்க சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். கூறுகெட்ட மனுசன் என்றதையும் சொன்னேன்.

"என்னை நெனச்சா சொன்னா?" என்றான். பிறகு அழுதான் மதினி. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. கனி பாடப்புத்தகத்தை மூடிவிட்டு மிரண்டுபோய் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தான்.

"உங்கம்மா கவனமில்லாதவ இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்" என்றான்.

அவள் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது போல ஒன்றைக் கேட்டாள். "அம்மாவுக்கு வலிச்சுதா?"

அண்ணன்தான் பதில் சொன்னான். "ரொம்ப வலிச்சுது மக்கா. அந்த வலியிலயும் உன் அப்பனைக் காப்பாத்திட்டுத்தான் போனா."

இப்போது அண்ணன் என்னோடு பேசுகிறான். அதிகமில்லை. குழம்பில் உப்பு குறைச்சல், மழை வரும் போலிருக்கு, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மதினி. கனியை இந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் நன்றாகப் படிக்கவைப்பேன். தமிழும் நானே சொல்லிக்கொடுப்பேன். தனக்கு நடந்ததைச் சொல்ல இன்னொருத்தர் நாக்கை நம்பிக் கிடக்கிற நிலை உங்க மகளுக்கு வராது. யார் முன்னால் நின்றாலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

உங்க சொல்லை மாற்றாமல் சொன்ன நாத்தனார்,
சுடலி