எதிர் வீட்டுக் காருக்குக் கரன்ட் கொடுத்தது

திருத்தணி
15-7-1974

அன்பு மகள் காஞ்சனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நம் பியட் காரும் நலம், அங்கே ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நலமாக இருக்கும்படி மலைமேல் இருப்பவர் பார்த்துக்கொள்வார். முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் ஆறாம் தேதி, இரண்டு பக்கத்து நியாயங்களையும் நிதானமாக எடைபோட்டுப் பார்த்த பிறகு, தபால்காரர் சுப்பன் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போடுவதில்லை என்று தீர்மானித்தேன். நான் யோசித்து முடிக்கும்வரை சுப்பன் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். தீர்மானத்தை உள்ளே போய் அம்மாவிடம் அறிவித்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், கேட்டுவிட்டுத் தொடர்ந்து கரைத்தாள்.

அந்தச் சீட்டு எதிர் வீட்டிலிருந்து உன் மாமா நாகேந்திரன் அனுப்பிய பதிவுத் தபாலுக்கானது. உள்ளே இருந்தது உன் மாமன் மகள் ரஞ்சிதத்தின் கல்யாணப் பத்திரிகை. நான் கையெழுத்துப் போட்டால் அவருக்கே திரும்பிப் போகும் ஒப்புகை அட்டை வேறு இணைத்திருந்தார். தெருவைத் தாண்டிக் கொடுக்க வேண்டிய பத்திரிகை, அஞ்சலகம் வரை போய் முத்திரை குத்திக்கொண்டு நம் வாசலுக்கு வந்தது. காரணம் உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தின்போது எல்லா உறைகளுக்கும் நான் ஒரே மூச்சில் ஸ்டாம்பு ஒட்டினேன், எதிர் வீட்டு உறைக்கும் ஒட்டினேன், உறவினர்களுக்குள் பேதம் பார்க்காத செயல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வெற்றிலை பாக்கு வைத்துக் கையில் கொடுக்க வேண்டிய சொந்த அக்காள் வீட்டுப் பத்திரிகை தபாலில் வந்ததை உன் மாமா வேறு விதமாக எடுத்துக்கொண்டார். ஆறு வருடமாக நானும் அவரும் பேசுவதில்லை, ஒரு வீட்டுத் தண்ணீரை மற்ற வீட்டார் குடிப்பதில்லை. அம்மா மட்டும் தன் தம்பியிடம் நடுத்தெருவில் நின்று பேசுவாள், தெரு நகராட்சிக்குச் சொந்தமானது என்பதால்.

கல்யாணம் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், மலைக்கோயிலில். அதைத் தவறவிட்டால் ஆடி முழுக்கக் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளைப் பையன் பட்டாளத்தில் இருக்கிறான், அதற்குள் லீவு முடிந்துவிடும், அடுத்த லீவு எப்போது என்பது பட்டாளத்துக்கே தெரியாது. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. பெட்ரோல் இன்று விற்கும் விலையில் ஊர்வல வேகத்துக்கு எஞ்சின் எதற்கு என்று உன் மாமா தன் அம்பாசடரின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பொதட்டூர்பேட்டையில் தன் தறிகளில் வேலை செய்பவர்களை விட்டுக் காரைத் தள்ளச் செய்தார். முன்விளக்கு இரண்டும் எரிந்தன, உள்விளக்கு எரிந்தது, கூரையில் கட்டிய வண்ண பல்புகளும் அதே பேட்டரியில்தான் எரிந்தன. மூன்று தெரு சுற்றி வந்தார்கள். மிகவும் பிரகாசமான ஊர்வலம். பார்ப்பதில்லை என்று ஜன்னலைச் சாத்தியிருந்ததால் மாடியிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டாரும், முந்தின நாள் கார் தள்ளியவர்களும் வேனில் மலையேறிவிட்டார்கள். பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது அம்பாசடர் ‘டிக்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்டது. டிரைவர் ஆறுமுகம் முன்னால் போய் எஞ்சினுக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றினான், கைப்பிடி அவனைத் திருப்பிச் சுற்றியது, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பட்டு வேட்டிக்காரர்கள் நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். ராத்திரி பெய்த மழையில் தெரு சேறு, அதோடு மேடு. அவர்களுக்கு மூச்சு வாங்கிய இடம் நம் வாசலாகப் போயிற்று. ஊரில் இருந்த டாக்சி, ஜட்கா எல்லாம் முகூர்த்தங்களுக்குப் போய்விட்டன. மலைக்குப் படியேறிப் போக நேரமில்லை. பின் இருக்கையிலிருந்து ரஞ்சிதம், “நைனா, டைம் ஆவுது நைனா” என்று அழுதுகொண்டிருந்தது எனக்கு மாடியில் கேட்டது. கீழே இறங்கினேன். எனக்கு முன்பே அம்மா தெருவில் நின்றாள்.

“நம்ம கார் சும்மாதானே கீது, அதுல ஏத்திகினு போயிடலாம்” என்றாள். உன் மாமா கரன்ட் கம்பத்தைப் பார்த்து, “பத்திரிகைய வாங்காதவங்க கார்ல என் பொண்ணு ஏறாதுக்கா” என்றார். நானும் அதே கம்பத்தைப் பார்த்து, “பத்திரிகை வாங்காத கல்யாணத்துக்கு என் கார் போவாதுன்னு சொல்லு” என்றேன். ஆறு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே கருத்தைத் தெரிவித்தது அதுவே முதல் தடவை. அம்மா உள்ளே போய், பொங்கலுக்கு வந்தபோது நம் மாப்பிள்ளை வெல்டிங் கேபிளில் செய்து கொடுத்தாரே, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த சிவப்பும் கறுப்புமான கம்பிகள், அவற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். “ஏற வாணாம். கரன்ட்டு வாங்கிக்கலாம்ல?” என்றாள். எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் உன் மாமி கெங்கம்மாள் காருக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: “தண்ணிதான் வாங்க மாட்டோம்னு சொன்னோம். கரன்ட்டப் பத்தி அன்னிக்கி யாரும் பேசலியே.” ஒரு சட்டம் இவ்வளவு தெளிவாக விளக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளை சொன்ன முறையை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், தாள் அகப்படவில்லை. அம்மாவுக்கு அது மனப்பாடம். எந்தக் காரையும் அவள் ஓட்டியதில்லை, உட்கார்ந்ததுகூடப் பின் இருக்கையில்தான். இரண்டு கார்களும் கம்பி எட்டும் அளவுக்கு நெருங்கி நிற்க வேண்டும், ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டு குடும்பங்களுக்கும் இதில் நல்ல பழக்கம் இருந்ததால் சிரமமில்லை. நான் அம்மாவிடம், “அந்த மேதாவிகிட்ட சொல்லு, லைட்டெல்லாம் நிறுத்திட்டு நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்க இழுக்கணும், நேத்து இந்த அறிவு எங்க போயிருந்துச்சுன்னும் கேளு” என்றேன். அவள் திரும்பி, “தம்பி, லைட்ட நிறுத்து, நியூட்ரல் போட்டு பிரேக்க இழு” என்றாள். உன் மாமா, “அந்தத் தகர டப்பா எத்தினி வோல்ட்டுன்னு கேளுக்கா, டார்ச் லைட்டு பேட்டரியா போட்டு வச்சிருக்கப் போறாரு” என்றார். அவள் என்னிடம், “நம்மளுது பன்னண்டு வோல்ட்டுதானேன்னு கேக்கறான்” என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆறு வோல்ட்டையும் பன்னிரண்டையும் இணைக்கக் கூடாது. இரண்டும் பன்னிரண்டு. இப்படி நாங்கள் இரு பக்கமிருந்தும் அனுப்பிய சரக்கில் கல்லும் உமியும் அவளிடம் தங்கிவிட்டன, அரிசி மட்டும் போய்ச் சேர்ந்தது. ஆறு வருடமாக இந்த வேலையைத்தான் அவள் செய்துவந்திருக்கிறாள் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

ஊர் பார்க்கட்டும் என்று உன் மாமா புதுத் தங்கக் காப்பும் மூன்று மோதிரமும் போட்டிருந்தார். கம்பியைத் தொடுமுன் அவற்றைக் கழற்றச் சொன்னாள், “தங்கம் ரெண்டு முனையிலயும் பட்டா கை வெந்துடும்” என்று வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். சிவப்புக் கம்பியின் ஒரு முனை அவருடைய செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நம் பேட்டரியின் பிளஸ்ஸில். அடுத்து கறுப்பு, முதலில் நம் மைனஸில். கடைசி முனையை உன் மாமா தன் பேட்டரியின் மைனஸுக்குக் கொண்டு போனார். அதுதான் கூடாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள். “அங்க வாணாம் தம்பி, பொறி பறக்கும், பேட்டரி மேல வாயு நிக்குது. எட்டக் கீற எஞ்சின் இரும்புல, பெயின்ட்டு இல்லாத எடமா பாத்து மாட்டு” என்றாள். அவர் மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஆறுமுகம் நல்ல கையால் தட்டில் சூடம் ஏற்றி, திறந்திருந்த பானெட்டுக்கு நேராகக் கொண்டு வந்தான். தினமும் காருக்குக் காட்டுகிறவன், கல்யாண நாளில் விடுவானா? அம்மா குறுக்கே போய் நின்று, “அத எடுத்துகினு போயி முக்குப் பிள்ளையாருக்குக் காட்டு. அவுரு வெடிக்க மாட்டாரு, பேட்டரி வெடிச்சிடும்” என்றாள். அவன் தெருமுனைவரை தட்டோடு ஓடியதை நான் பார்த்தேன். கல்யாணம் அன்று அந்த இடத்தில்தான் தப்பியது என்பது என் கருத்து.

நம் பியட்டை நான் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். உன் மாமா சாவியைத் திருப்பினார், முனகிவிட்டு நின்றது. ரஞ்சிதம் அழுகையை நிறுத்திவிட்டாள், அது இன்னும் மோசமாக இருந்தது. “அவசரப்படாத, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்” என்றாள் அம்மா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, இருவருமே கேட்டுக்கொண்டோம். அடுத்த தடவை திருப்பியதும் அம்பாசடர் ஒரு குலுக்குக் குலுக்கிப் பிடித்துக்கொண்டது. உன் மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “பாவா, எடுத்துகிச்சி பாவா!” என்று கத்திவிட்டார். நானும் “ஆங்” என்றேன். பிறகு இருவரும் கம்பத்தைப் பார்த்தோம். மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக, கடைசியில் மாட்டியதை முதலில் எடுத்து, அம்மா கம்பிகளைச் சுருட்டினாள்.

நிறுத்தினால் மறுபடியும் செத்துவிடும், ஆகவே வழியில் நின்றுபோனால் கம்பி வேண்டும், கம்பி இருந்தால் மட்டும் போதாது, இன்னொரு காரும் வேண்டும் என்று அம்மா விளக்கினாள். எனவே நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, உன் மாமா ஓட்டிய அம்பாசடருக்குப் பின்னால் நம் பியட்டில் கம்பிக்குத் துணையாக மலைமேல் போனேன். அங்கே ஆறுமுகத்துக்குக் கை வீங்கிவிட்டது, உன் மாமா பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும், எஞ்சினோ நிற்கக் கூடாது. நான் அம்பாசடரில் ஏறி உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கார் வரைக்கும் நன்றாகக் கேட்டது. அம்மா உள்ளே ரஞ்சிதத்தின் பக்கத்தில்தான் நின்றாளாம், தாலி ஏறும்போது மாலையைத் தூக்கிப் பிடித்தவள் அவள்தானாம். எனக்கு வியர்த்து வழிந்தது. யாரோ ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் பானகம் நீட்டினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை, வாங்கிக் குடித்தேன். நீட்டிய கையில் காப்பு இல்லை, காப்பு இருந்த தடம் இருந்தது.

மாப்பிள்ளையிடம் கம்பி நன்றாக உழைத்தது என்று சொல், கிளிப்பின் வாயில் பச்சை பூத்திருந்ததை அம்மா புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். குழந்தையை மழையில் விடாதே, அங்கே அரிசி சரியில்லை என்று எழுதியிருந்தாய், அரக்கோணத்திலிருந்து யாராவது அந்தப் பக்கம் வந்தால் ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறேன். ரஞ்சிதத்துக்கு மறக்காமல் வாழ்த்து எழுது, சாதாரணத் தபாலே போதும். உங்கள் வீட்டில் எந்த விளக்கும் அணையாமல், எந்த வண்டியும் வழியில் நிற்காமல், மூவரும் நீண்ட நாள் சுகமாக வாழ வேண்டும் என்று நானும், இந்தக் கடிதத்தில் எல்லா வேலையையும் செய்த உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு
உன் அப்பா
மணவாளன்

பி.கு.: கல்யாணம் முடிந்த பிறகு, சனிக்கிழமை, அஞ்சலகத்துக்குப் போய், சுப்பன் திருப்பி அனுப்பாமல் எடுத்து வைத்திருந்த பத்திரிகையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஒப்புகை அட்டையைச் சுப்பன் இன்று காலை எதிர் வீட்டில் கொடுத்தார்.